மாப்பிள்ளை பீருக்கு மாமனார் வைத்தியம்

மாப்ளே, உங்க அத்தை கோயிலுக்குப் போயிருக்கா, தாராளமாப் பேசலாம். டல்லாஸ்ல காரேஜுக்குள்ள பீர் காய்ச்சுறீங்க, சந்தோஷம். 19 லிட்டர் கெக்குல கேஸ் ஏறலேன்னு கோலிசோடா போட்டவன்கிட்ட யோசனை கேக்குறீங்க, அதைவிடச் சந்தோஷம். கூச்சப்படாதீங்க, சோடாவே உங்க பக்கத்துச் சரக்குதான். இங்கிலாந்துல பிரீஸ்ட்லின்னு ஒரு பாதிரியார், லீட்ஸ் ஊர்ல பீர் நொதிக்கிற தொட்டிக்கு மேல தண்ணியைப் பிடிச்சுத்தான் அதுல காத்து ஏத்தக் கத்துக்கிட்டாரு.

வீடியோவுல பாத்தேனே! சனிக்கிழமை 12 பி.எஸ்.ஐ. வச்சீங்க. ஞாயித்துக்கிழமை பொறுக்கல, 30க்குத் திருகிட்டீங்க. திங்கக்கிழமை கெக்கைக் கட்டிப் புடிச்சு உலுக்குனீங்க. இப்ப கிளாஸ் முழுக்க நுரை, அடியில இருக்கிறது சப்புன்னு இருக்கு. ஆபீஸ்லயும் இப்படித்தான் வேலை பாக்குறீங்களோ என்னவோ, கம்பெனி எப்படியோ நடக்குது.

நாங்க உலுக்குனது வெறுந்தண்ணியை. பீர்ல புரதம் கெடக்கு, நுரையைப் பிடிச்சு வச்சுக்கும். மொதல்ல கெக்கை ஃப்ரிட்ஜுல ஏத்துங்க. சூடான பீர்ல கேஸ் தங்காது. 3, 4 டிகிரியில 12 வச்சுட்டு, பத்து பன்னெண்டு நாள் அந்தத் திருகு பக்கமே போகாதீங்க. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே முகூர்த்தத் தேதி கேட்ட ஆளு, கஷ்டந்தான்.

அப்பவும் ஏறலேன்னா எங்கயோ கசியுது. சிலிண்டர் முள்ளை நம்பாதீங்க. உள்ள கேஸ் திரவமா இருக்கிற வரைக்கும் அது அசையாம நிக்கும், தீரப்போறப்பதான் சடார்னு விழும். தராசுல நிறுத்துப் பாருங்க. மூடி ரப்பர் வளையத்துலயும் கேஸ் மாட்டுற முனையிலயும் சோப்புத் தண்ணி தடவுங்க, குமிழி விட்டா அங்கதான். மூடியை மேல இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை 30 குடுத்தா வளையம் நல்லா உக்காரும். உங்க 30 ஆசை அதோட தீரட்டும்.

பீர் வர்ற ட்யூப்பு ஒரு முழந்தான் இருக்கு. அம்புட்டு வேகமாப் பாஞ்சா நுரைக்காம என்ன செய்யும்? உள் அகலம் 3/16 அங்குலம் உள்ளதா பத்தடி வாங்கிப் போடுங்க. மொத கிளாஸ் மட்டும் நுரைச்சா குழாய் சூடா இருக்குன்னு அர்த்தம், விட்ருங்க.

இப்ப அளவுக்கு மீறி ஏத்தினதை இறக்கணும்னா, கேஸ் லைனைக் கழட்டிட்டு மூடி வால்வை அப்பப்ப இழுத்து விடுங்க. காரேஜ் கதவு திறந்திருக்கட்டும், அந்தக் கேஸ் தரையோட தங்கும்.

அடுத்த மாசம் வர்றேன்ல, எனக்கு ஒண்ணும் வேண்டாம் மாப்ளே. கேஸ் சரியா ஏறியிருக்கான்னு பாக்க அரை கிளாஸ் போதும். என் மக தூங்கினப்புறம் குடுங்க.