கேப்டனும் என் அத்தை மகனும்

எங்கள் திருமங்கலம் பக்கம் ஒரு நட்சத்திரம் மறைந்தால் துக்கம் கொண்டாட ஒரு முறை இருந்தது. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். போனபோது கடை கண்ணி அடைத்தார்கள், பஸ் ஓடவில்லை, இளவட்டங்கள் வரிசையாக உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டார்கள். டீக்கடை பெஞ்சில் ஒரே தினத்தந்தியைப் பத்துப் பேர் தாள் தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு படித்தார்கள். மொட்டை போட்டவனுக்குத் தலையில் சீப்பு வைக்க மூன்று மாதமாவது ஆகும். அதுவரை அவன் துக்கம் ஊருக்கே தெரியும். இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் துக்கத்தின் ஆயுள் 24 மணி நேரம். அதற்குள் இன்னொருவர் போய்ச் சேர்ந்தால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கலையில் எங்கள் வட்டாரத்தில் கைதேர்ந்தவர் என் அத்தை மகன். எனக்கு மூத்தவர், மச்சான் என்று கூப்பிடுவேன். பேர் வேண்டாம், ஊருக்கு ஒரு மச்சான் உண்டு.

எண்பதுகளில் மச்சான் தீவிர ரஜினி ரசிகர். அதனால் விஜயகாந்தைக் கண்டால் ஆகாது. மதுரைக்காரர் ஒருவர் மெட்ராஸ் போய் ஹீரோவாகிறாரே என்ற பெருமையெல்லாம் அவரிடம் கிடையாது. ‘மூஞ்சியப் பாரு, ஹீரோவாம்’ என்பார். சொல்லும் மச்சானும் நல்ல கறுப்புதான். அந்த நிறத்தைக் காரணம் காட்டி அன்றைய முன்னணி நடிகைகள் பலர் விஜயகாந்தோடு ஜோடி சேரத் தயங்கினார்கள் என்பது கோடம்பாக்கம் பலமுறை சொன்ன கதை. ‘வைதேகி காத்திருந்தாள்’ 1984-ல் வந்தது. மச்சான் இரண்டு தடவை பார்த்தார். கேட்டால், கவுண்டமணிக்காகப் போனேன் என்றார். திரைப்படக் கல்லூரிப் பசங்களை நம்பி விஜயகாந்த் நடித்த ‘ஊமை விழிகள்’ 1986-ல் ஓடு ஓடென்று ஓடியபோது, அது டைரக்டர் படம் என்றார். 1991-ல் ‘கேப்டன் பிரபாகரன்’. விஜயகாந்துக்கு அது நூறாவது படம். அதைப் பற்றி மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் கால் ஊன்றி எகிறித் திரும்பி உதைக்கும் அந்த உதையைத் தெருவில் செய்து பார்த்துக் கணுக்காலில் மாவுக்கட்டுடன் இருந்தார்.

பிறகு கலாய்ப்புக் காலம் வந்தது. ‘நரசிம்மா’வில் ஹீரோவுக்கு ஷாக் வைத்தால் கரண்டே ஷாக் அடித்துக் கிடக்கும் காட்சியை நாடே பார்த்துச் சிரித்தது. நியாயமான சிரிப்புதான், நானும் சிரித்தேன், இன்றும் சிரிப்பேன். ஆனால் 2005-ல் கட்சி ஆரம்பித்து, 2006-ல் விருத்தாசலத்தில் தனியாளாக ஜெயித்து, 2011-ல் 29 எம்.எல்.ஏ.க்களோடு எதிர்க்கட்சித் தலைவராகவும் உட்கார்ந்தவருக்கு உடம்பு தளர்ந்து நாக்குக் குழறியபோது வந்தது வேறு வகைச் சிரிப்பு. அந்தக் குழறலை வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டு, விடியும் முன் குடும்பக் குழுவில் ஏற்றிவிடுவார் மச்சான். காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூப் படம் அனுப்புகிறவர்கள் மத்தியில் அவர் ‘கேப்டன்’ விஜயகாந்தை அனுப்புவார்.

கேப்டன் மறைந்த 2023 டிசம்பர் 28 காலையிலும் அனுப்பினார். இந்தத் தடவை கறுப்பு பார்டர். அழுகிற ஸ்மைலி ஏழெட்டு. ‘பசிப்பிணி போக்கிய வள்ளல்’ என்று ஆரம்பித்து இரண்டு பக்கத்துக்கு ஓடியது. ராஜாபாதர் தெரு ஆபீசில் வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டது, படப்பிடிப்பில் லைட்மேனுக்கும் ஹீரோவுக்கும் ஒரே சாப்பாடு என்று ஆக்கியது, நடிகர் சங்கக் கடனை அடைக்க மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கலைவிழா நடத்தியது, எல்லாம் இருந்தது. எல்லாமே உண்மை, எல்லாமே முப்பது வருஷமாக மச்சானுக்கும் தெரியும். அன்றைக்கு டி.வி.யில் பேசிய அத்தனை பேரும் ராஜாபாதர் தெருவில் சாப்பிட்டிருந்தார்கள். அத்தனை இலையையும் எடுத்துப் போட்ட ஆள் யாரோ, அவரை ஒரு சேனலும் பேட்டி எடுக்கவில்லை.

மச்சான் அன்று ராத்திரியே மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிட்டார். தீவுத்திடலில் வரிசையில் நின்றார், கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தார், அடக்கம் நடந்த கோயம்பேடு வரை போனார். அந்த இடத்துக்கும் ஒரு கதை உண்டு. விஜயகாந்தின் கல்யாண மண்டபமாக இருந்தது, மேம்பாலம் கட்ட ஒரு பகுதியை இடித்தார்கள், மிச்சம் கட்சி ஆபீசானது, இப்போது சமாதி. இன்றைக்கும் அங்கே அன்னதானம் நடக்கிறது. அன்றைக்குத் தீவுத்திடலுக்கு வந்த கூட்டத்தில் ஒரு பங்கு 2016-ல் அவர் போட்டியிட்ட உளுந்தூர்பேட்டைக்குப் போயிருந்தால் மனுஷனுக்கு டெபாசிட்டாவது மிஞ்சியிருக்கும்.

மச்சானின் கண்ணீர் சினிமாவோடு நிற்பதில்லை. 1998 மார்ச்சில் சேப்பாக்கம் டெஸ்ட்டில் ஷேன் வார்ன் சச்சினை 4 ரன்னில் தூக்கியபோது எங்கள் வீட்டு டி.வி. முன்னால் அவர் வார்னின் பரம்பரையையே இழுத்தார். இரண்டாவது இன்னிங்ஸில் சச்சின் ஆட்டமிழக்காமல் 155 அடித்து வார்னைத் துவைத்தெடுத்தபோது இன்னொரு முறை இழுத்தார், இது சந்தோஷத்தில். 2008 ஐ.பி.எல். இறுதியாட்டத்தின் கடைசிப் பந்தில் சென்னையிடமிருந்து ராஜஸ்தான் கோப்பையைப் பறித்தபோது களத்தில் நின்றவரும் வார்ன்தான். அன்று ராத்திரி மச்சான் சாப்பிடவில்லை. 2022 மார்ச் 4-ல் வார்ன் தாய்லாந்தில் 52 வயதில் போனார். ‘எங்கள் சுழல் தெய்வமே’ என்று ஸ்டேட்டஸ். எங்களுடைய தெய்வமாக எப்போது ஆனார் என்று தெரியவில்லை. அதே நாளில் பழைய ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் ராட் மார்ஷ் இறந்ததற்கு வார்ன் ட்விட்டரில் இரங்கல் தெரிவித்திருந்தார். அடுத்த சில மணி நேரத்தில் அவருக்கே உலகம் இரங்கல் எழுத வேண்டியதாயிற்று. அதையும் மச்சான்தான் எனக்கு அனுப்பினார், ‘விதி’ என்ற ஒற்றை வார்த்தையோடு.

மரம் நடச் சொல்லிவந்த நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் போனபோது ஊரெல்லாம் மரக்கன்று. மச்சானும் வீட்டு வாசலில் ஒரு புங்கன் வைத்து செல்ஃபி எடுத்தார். எதிர்வீட்டு ஆடு மறுநாளே அதற்கு அஞ்சலி செலுத்திவிட்டது.

இந்த வரிசையில் ஒருவர் மட்டும் விட்டுப்போனார். வானொலியில் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்த அப்துல் ஜப்பார், 2020-ல் காலமானவர். டி.வி. வருமுன் சேப்பாக்கம் மைதானம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத எங்களுக்கு ஸ்லிப்பில் நிற்பவனையும் கல்லியில் நிற்பவனையும் காதாலேயே காட்டியவர். மச்சான் வீட்டு மர்ஃபி ரேடியோவைச் சுற்றிக் கூடி உட்கார்ந்து கேட்டிருக்கிறோம். அவருக்கு ஏன் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை என்றேன். ‘போட்டோ கெடைக்கலயே மாப்ள’ என்றார். நியாயம்தான். குரலுக்குக் கறுப்பு பார்டர் எப்படிப் போடுவது?

செத்தபிறகு கேப்டனுக்கு மார்க்கெட் ஏறியதுபோல் உயிரோடு இருந்த கடைசிப் பத்து வருஷத்தில் ஏறவில்லை. 2024 செப்டம்பரில் வந்த ‘கோட்’ படத்தில் செயற்கை நுண்ணறிவு அவரை நடிக்க வைத்தது. நாக்குக் குழறவில்லை, கால் தள்ளாடவில்லை. நமக்குப் பிடித்த மாதிரி ஆளைச் செய்துகொள்ள, ஆள் இல்லாமல் இருப்பது எவ்வளவு வசதி! அதே மாதம் ‘லப்பர் பந்து’ வந்தது. ரப்பர் பந்து ஆடும் கெத்து என்ற ஆட்டக்காரர் கேப்டன் வெறியர். அவர் மட்டையோடு இறங்கும்போது 1989-ன் ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு ஒலிக்க, தியேட்டரே எழுந்து நின்றது. அந்தப் படம் வந்த வருஷம் பிறந்திராத பையன்கள்கூட விசில் அடித்தார்கள்.

2025 ஆகஸ்டில் ‘கேப்டன் பிரபாகரன்’ மறுபடி ரிலீஸானது. மச்சான்தான் டிக்கெட் போட்டு என்னைக் கூட்டிப் போனார். படம் முழுக்க அவர் உட்காரவில்லை. பின்வரிசைக்காரர் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார். வெளியே வந்து டீ குடிக்கும்போது, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். எங்கள் திருமங்கலம் விருதுநகர் எம்.பி. தொகுதியில் வருகிறது. கேப்டன் இறந்து நாலு மாதத்தில், 2024 ஏப்ரல் 19 அன்று, அவர் மகன் விஜய பிரபாகரன் அங்கே நின்றார். 4,379 ஓட்டில் தோற்றார்.

“நீங்க யாருக்குப் போட்டீங்க, மச்சான்?”

“அது வேற, இது வேற மாப்ள” என்று டீயை ஊதினார். “வெள்ளிக்கெழம எலெக்சன். மூணு நாள் லீவு சேந்தாப்ல வந்துச்சா, புள்ளைகளக் கூட்டிக்கிட்டுக் கொடைக்கானல் போயிட்டோம். ஸ்டேட்டஸ்ல போட்டிருந்தேனே, நீ பாக்கலயா?”