ஏலத்துக்குப் போற மருமவனுக்கு

ஐந்தருவி ரோட்டுல வீடு கட்டியாச்சு. சீசனுக்கு வாரவங்களுக்கு வாடகைக்கு விடப் போற. தார்சாவுல ஒரு பழைய பெண்டுலக் கடியாரமும் தேக்கு மேசையும் கெடந்தா வாடகையக் கூட்டிப்புடலாம்னு சொன்னியாமே, அத்தை சொன்னா. நல்ல காரியம் மருமவனே. மெட்ராஸுக்கு ஏலத்துக்குக் கெளம்பும் முந்தி மாமங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணல. பரவால்ல, கேக்காமலே சொல்லுதேன்.

மொதல்ல நல்ல சட்டையா போட்டுக்கோ. கழுத்துச் செயின் வெளிய தெரியட்டும். முன்வரிசையில போய் உக்காரு. கடியாரத்தைக் கண்டதும், "அய்யோ, எங்க தாத்தா வீட்டுல இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு"ன்னு நாலு பேரு காதுல விழுற மாதிரி சொல்லு. பொறவு பாரு, ஏலக்காரருக்கு உம்மேல வார பிரியத்தை.

அந்தப் பிரியம் வேண்டாம்னா கடைசி வரிசையில ஓரமா நில்லு. நம்மூரு புளியமர ஏலம் பாத்திருக்கியா? குளத்து மீன் ஏலம்? குத்தாலத்துல சீசன் கடை ஏலமாவது பாத்திருப்ப. டேவணித்தொகை கட்டிட்டுப் பத்துப் பேரு நிப்பாவ, கேக்கது ரெண்டு பேருதான். எவனுக்கு எந்த மரம், ஒதுங்கி நிக்கவனுக்கு எவ்வளவுன்னு முந்தின நாளே டீக்கடையில பேசி முடிச்சிருப்பாவ. வெவரம் தெரியாத வெளியூர்க்காரன் நடுவுல பூந்தான்னா அவனை ஏத்திவிட்டு ஏத்திவிட்டு, மரத்துல இருக்க புளியைவிட விலை ஒசந்ததும் கையைக் கட்டிக்கிடுவாவ. கடியார ஏலத்துல அந்த வெளியூர்க்காரன் நீதான். அதனால கமிஷன், வரி, லாரி வாடகை, ஏத்துகூலி, இறக்குகூலி எல்லாத்தையும் கழிச்சு ஒரு தொகையைத் துண்டுச்சீட்டுல எழுதிச் சட்டைப்பையில வச்சுக்கோ. அதுக்கு மேல போச்சுன்னா வெளிய வந்து ஒரு காப்பி குடி.

ஏலத்துல சாமானைவிடக் கதைக்குத்தான் விலை அதிகம். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-ல. இன்னமும் ஊத்துமலை ஜமீன் நாற்காலி, சிவகிரி ஜமீன் அலமாரின்னு வித்து முடியல. வித்ததையெல்லாம் கூட்டிப் பாத்தா, ஜமீன்தாருங்க காலத்துக்கும் எந்திரிக்கவே இல்ல போல. போன ஆடியில ஒருத்தன் பூலித்தேவர் காலத்துக் கடியாரம்னு எங்கிட்டயே காட்டுதான். டயலைத் துண்டால துடைச்சேன். 'ஸெய்கோஷா'ன்னு எழுதியிருக்கு. பூலித்தேவர் கும்பினிக்காரனோட மல்லுக்கு நின்னது 1750-கள்ல. ஸெய்கோஷா டோக்கியோவுல ஆரம்பிச்சது 1892-ல. "முன்கூட்டியே ஜப்பானுக்குச் சொல்லி வச்சிருந்தாவளோ?"ன்னு கேட்டேன். வெத்தில போடணும்னு எந்திரிச்சுப் போயிட்டான்.

'மேட் இன் ஜெர்மனி'ன்னு இங்கிலீசுல இருந்தா அனேகமா 1887-க்குப் பொறவு வந்ததுதான். வெளிநாட்டுச் சரக்குல ஊர்ப்பேரு போடணும்னு இங்கிலாந்துக்காரன் சட்டம் போட்டது அந்த வருசம். 'அன்சோனியா'ன்னு இருந்தா, அந்த அமெரிக்கக் கம்பெனி நொடிச்சுப் போயி, 1929-ல இயந்திரத்தையெல்லாம் சோவியத் ரஷ்யாக்காரன் வாங்கிட்டுப் போயிட்டான். நாலு மணிக்கு ரோமன் எழுத்துல வெறும் நாலு கோடு இருந்தா, தப்பா அச்சடிச்சிருக்கான்னு விலை குறைக்கப் பாக்காத, சிரிப்பாவ. பழைய டயல்ல அப்படித்தான்.

ஏலத்துக்கு முந்தி சாமானைப் பாக்க விடுவாவ. அன்னைக்குப் போ. கடியாரத்தோட கதவைத் திறந்து பின்பலகையில டார்ச் அடி. மெஷினைச் சுத்திப் பழைய திருகு ஓட்டை சும்மா கெடந்தா, பெட்டி ஒரு கடியாரத்தோடது, உள்ள இருக்கது வேற எதோடதோ. 'ஓடல, அதான் கம்மி'ன்னு ஒண்ணை மூலையில தள்ளியிருப்பான். அங்கதான் மாமன் புத்தி வேலை செய்யணும். பெண்டுலத்தை லேசா ஆட்டிவிட்டுக் காதைக் கொடு. டிக்குக்கும் டாக்குக்கும் ஒரே இடைவெளி வரணும். நொண்டுச்சுன்னா பெட்டியை இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு நூல் சாய்ச்சுப் பாரு. சத்தம் சமமாகி நிக்காம ஓடுச்சுன்னா கடியாரத்துல கோளாறு இல்ல, மாட்டுன ஆளு கோணல். மூஞ்சைத் தொங்கப்போட்டு, "ஓடாத சாமானு"ன்னு சொல்லியே கேளு. சாவியைக் கூடுதலா முறுக்கிக் கெட்டுப்போச்சும்பான். பெரும்பாலும் அதெல்லாம் கிடையாது. எவனோ தேங்காண்ணெய விட்டுப் பிசின் பிடிச்சிருக்கும்.

மரச்சாமானுக்கு முன்பக்கம் பாக்கவே வேண்டாம். இழுப்பறையை முழுசா உருவிக் கவுத்து, அடிப்பலகையில விரலை ஓட்டு. இழைப்புளி போட்ட மேடு பள்ளம் தட்டணும். பழைய ஒட்டு வச்சிரம். பெவிகால் வந்தது 1959-ல. ஸ்டார் ஸ்க்ரூ அமெரிக்காவுல புழக்கத்துக்கு வந்ததே 1930-கள்ல. இதெல்லாம் விக்டோரியா ராணி மேசையில இருந்தா, ராணி சமீபத்துல ரிப்பேர் பாத்திருக்கா. நாற்காலியில கால் வைக்கிற கட்டை நடுவுல தேஞ்சிருக்கணும். நாலு பக்கமும் ஒண்ணுபோல காயம் இருந்தா சங்கிலியால அடிச்சுப் பழசாக்கியிருக்கான். வட்டமேசையை ரெண்டு வாக்குலயும் அளந்து பாரு. நூறு வருசத்துல மரம் குறுக்கால சுருங்கும், அதனால நெசமான பழசு சுத்த வட்டமா இருக்காது. வட்டம் கச்சிதமா இருக்குன்னு நீ சந்தோசப்படுவ, எனக்குத் தெரியும்.

மெட்ராஸ் வேண்டாம்னா காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போ. செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பல்ல வந்த காலம் ஒண்ணு. 1942-ல ஜப்பான்காரன் பர்மாவைப் பிடிக்கவும் அந்தச் செல்வம் ஆட்டம் கண்டுச்சு. பொறவு பல வீட்டைப் பிரிச்ச தூணும் கதவும் கடையில கெடக்கு. அங்க ஏலம் இல்ல, பேரம். அதுக்கு அத்தையக் கூட்டிட்டுப் போ.

ஒண்ணு சொல்லணும். நம்ம சாரல் ஒன் அத்தையைவிடப் பொல்லாதது. ஆனி ஆடியில இழுப்பறை திறக்காது, கடியாரத்து வில்லு துருப்பிடிக்கும். கடியாரம் அரை மணிக்கு ஒரு அடி சேத்து ஒரு நாளைக்கு 180 அடி அடிக்கும். அருவியில குளிச்சுட்டுத் தூங்க வந்தவன் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உன்னைத்தான் தேடுவான். மணி அடிக்கிற சாவித்துளைக்கு மட்டும் சாவி கொடுக்காம விட்டுரு. நூறு வருசத்துக்கு மேப்பட்ட கலைப்பொருளை அமெரிக்காவுல இருக்க ஒன் தம்பிக்கு அனுப்பலாம்னும் நினைக்காத, 1972 சட்டப்படி நாட்டை விட்டுக் கொண்டுபோவக் கூடாது.

சரி, எடுத்துட்டன்னா லாரியில ஏத்தும் முந்தி பெண்டுலத்தைக் கழத்தித் துணியில சுத்தித் தனியா வை. அதோட ஏத்துனா அதைத் தாங்குற மெல்லிசுத் தகடு கோவில்பட்டி தாண்டும் முந்தி முறிஞ்சிரும். சாவியையும் கேட்டு வாங்கிக்கோ, ஏலத்துல அதைத் தனியா எடுத்து வச்சிருப்பான்.