தண்டல் இல்லாத கூட்டம்

சிரம்பானில் குளிரூட்டிய அறை. பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்கு, குலை எண்ணும் செயலி ஒன்று தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். வடிவமைப்பாளர் பட்டாணி அளவில் அழகான பச்சைப் பொத்தான் வரைகிறார். நிரலாளர், "இன்டர்நெட் இருந்தால் ஓடும்" என்கிறார். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை; இதற்குப் பெயர் ஒத்துழைப்பாம்!

தோட்டத்தில் கையுறை போட்ட விரலுக்குப் பொத்தான் அகப்படாது. மரத்தடியில் சிக்னல் கிடைக்காது. வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல், மடித்து வைத்த காகிதத்தை எடுப்பார். அதற்குச் சார்ஜும் வேண்டாம்.

களத்தில் இறங்கினால்தான் கருவி கைக்கு வரும். 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் தாவரவியலாளர் ரிட்லி ரப்பர் மரத்தைத் தானே வெட்டிப் பார்த்துத்தான், மரம் சாகாமல் பாலெடுக்கும் முறையைக் கண்டார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டமும் வாங்கினார். நம் பாட்டிமார் அந்தப் பால்வெட்டை இருட்டில், நெற்றி விளக்கோடு செய்தார்கள்: முதலில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து, பிறகு மெல்லிசாகச் சீவல், ஆழம் போனால் மரத்துக்குக் காயம். வடிவமும் செயலும் ஒரே கத்தி முனையில்.

ஐயா வடிவமைப்பாளரே, தம்பி நிரலாளரே! அடுத்த கூட்டத்தை, தோட்டத்தில் ஆள் கூடும் காலைப் பெரட்டில் வையுங்கள். கையுறை மறக்க வேண்டாம்.