நம்மாள் வாசிக்கிறார்

கண்டியில் இந்த ஆளை எல்லோருக்கும் தெரியும். வயது இருபத்தைந்துக்கும் முப்பதுக்கும் இடையில். சொந்த ஊர் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டம். வாடகை குறைவு என்பதால் தங்கியிருப்பது கெலிஓயாவில் ஒரு போர்டிங். வேலை கண்டி டவுனில்: லீசிங் கம்பனி, போன் கடை, பார்மசி, இவற்றில் ஏதாவது ஒன்று. நாம் லீசிங் கம்பனி என்றே வைத்துக்கொள்வோம், அங்கேதான் இப்போது ஆள் அதிகம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். முதுகில் கறுப்புப் பை. பைக்குள் சாப்பாட்டுப் பெட்டி, குடை, சார்ஜர், அதற்கும் அடியில் ஒரு புத்தகம்.

“இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே வாசிக்கிறார்கள்?” என்று மேடைக்கு மேடை கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு இந்தப் பையைத் திறந்து காட்ட வேண்டும். நம்மாள் வாசிக்கிறார். வேஷத்துக்காக அல்ல, உண்மையாகவே. எங்கே வாசிக்கிறார், எவ்வளவு தூரம் வாசிக்கிறார், எதை வாசிக்காமல் விடுகிறார் என்பதில்தான் கதை இருக்கிறது.

அவரை வாசகராக்கிய பெருமை எந்த ஆசிரியருக்கும் சேராது. அது 2022ஆம் ஆண்டு நாட்டைப் படுக்கவைத்த பொருளாதார நெருக்கடிக்கே சேரும். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. போன் செத்துப்போனது. போன் செத்த பிறகு ஓர் இளைஞன் என்னதான் செய்வான்? போர்டிங் அம்மாவின் அலுமாரியில் கிடந்த பழைய ராணிமுத்து ஒன்றை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுத்தார், கீழே வைக்க முடியவில்லை. பிறகு சித்தப்பாவின் மோட்டார் சைக்கிளைக் காவல் காத்துக்கொண்டு பெற்றோல் வரிசையில் இரவும் பகலும். அந்த வரிசையில் அவர் முடித்த புத்தகங்களைப் போல் அதற்கு முன்னும் முடித்ததில்லை, பின்னும் முடிக்கவில்லை. கியூஆர் அட்டை வந்தது, வரிசை குறைந்தது, கூடவே வாசிப்பும் குறைந்தது. நாடு தலைதூக்கியதில் நட்டப்பட்டவர் ஒருவர் உண்டென்றால் அது நம்மாள்தான்.

இப்போது மிச்சமிருப்பது பஸ். கெலிஓயாவிலிருந்து கண்டி பத்துப் பதினொரு கிலோமீற்றர். ஊர் தெரியாதவர்கள் அதை இருபது நிமிடம் என்று நினைப்பார்கள். காலை ஏழரைக்கு ஏறிப் பார்க்கட்டும். கம்பளை வீதியும் கொழும்பு வீதியும் பேராதனையில் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு நிறுத்தம், கெட்டம்பேயில் இன்னொன்று, அங்கிருந்து டவுன் வரை நத்தையும் முந்திப்போகும். ஒரு கை மேல் கம்பியில், மறு கையில் புத்தகம். பக்கம் புரட்டுவதற்கு மூக்கைப் பயன்படுத்துவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். கொண்டக்டர் “இஸ்ஸரஹட, இஸ்ஸரஹட” என்று முதுகில் தள்ளுவார். நம்மாள் அரை அடி முன்னே நகர்ந்து அடுத்த பந்திக்குப் போவார்.

பக்க அடையாளத்துக்கு பஸ் டிக்கட். டிக்கட் தராத தனியார் பஸ்ஸில் வந்த நாளில் அடையாளமும் இருக்காது, மறுநாள் வாசித்ததையே திரும்ப வாசிப்பார். இதனால் சில அத்தியாயங்களில் அவருக்கு அசாத்தியமான பாண்டித்தியம் உண்டு.

பொன்னியின் செல்வன் இந்த வாசிப்புக்கு எப்படிப் பொருந்துகிறது தெரியுமா? கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகைக்குத் தொடராக எழுதினார். அத்தியாயங்கள் சின்னவை, ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு திடுக்கிடல். கெட்டம்பே நெரிசலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. மணிரத்னத்தின் படம் 2022 செப்டெம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டு பாகமாக வந்தபோது கண்டியில் பாதி இளைஞர்கள் ‘புதுவெள்ளம்’ வாங்கினார்கள். அடுத்த நான்கு பாகம்? இங்கேதான் காசு குறுக்கே நிற்கிறது. 2022இல் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு ஏறியதன் பாவம் புத்தகத்தையும் விடவில்லை. அட்டையில் உள்ள இந்திய விலையை மூன்றுக்கு மேலே பெருக்கி, அதன்மேல் கடைக்காரர் தன் பங்குக்கும் கொஞ்சம் போட்டு, கல்குலேட்டரை நம் பக்கம் திருப்பிக் காட்டுவார். நம்மாள் அதைப் பார்த்துவிட்டு, “அண்ணே, அப்புறமா வாறேன்” என்பார்.

ஆகவே முதல் பாகம் காகிதத்தில், மற்றவை யாரோ அனுப்பிய பிடிஎஃபில். போனில் வாசிப்பது என்றால் வந்தியத்தேவனுக்கும் வசூல் மனேஜருக்கும் நடக்கும் மல்யுத்தம். “மூணு மாசம் கட்டாத திரீவீல் என்னாச்சு?” என்று மேலே ஒரு செய்தி விழும். கடலில் படகு ஆடுவது நின்றுவிடும். இரண்டாம் பாகத்தில் வந்தியத்தேவன் ஈழத்துக்கு வந்து தம்புள்ளை வரைக்கும் போய்விடுகிறான். கண்டியிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துச் சொச்சத்தில் தம்புள்ளை. நம்மாள் கதை வழியாக இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

அலுவலகத்தில் வேறொரு நூலகம் நடக்கிறது. கிளை மனேஜர் புதிதாகச் சேரும் ஒவ்வொருவர் கையிலும் ‘ரிச் டாட் புவர் டாட்’ கொடுப்பார். கடன் வாங்கிச் செலவழிப்பவன் உருப்படமாட்டான் என்பது அதில் வரும் பாடங்களில் ஒன்று. அதைப் பகல் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துவிட்டு, பிற்பகல் முழுவதும் “குறைந்த வட்டியில லீசிங் போட்டுத் தாறோம் அண்ணே” என்று ஊருக்குக் கடன் கொடுப்பதுதான் நம்மாளின் உத்தியோகம். இதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வருகிறது.

அதற்கடுத்தது ‘அட்டோமிக் ஹெபிட்ஸ்’. அதை முடித்த வாரத்தில் ஐந்து மணிக்கு எழும்பும் திட்டம் தொடங்கியது. அம்மாவுக்கு போன் போட்டுப் பெருமையாகச் சொன்னார். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். பெரட்டுக்கு நேரத்தோடு போகவேண்டுமென்று முப்பது வருஷமாக நாலரைக்கு எழும்பிக்கொண்டிருக்கிறார். “ஏன்டா, ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகாவிட்டால் கண்டி வாவிக்கரை. புத்தகத்தை அந்த வெள்ளை மதில்மேல் நிறுத்தி, பின்னால் தண்ணீரும் தலதா மாளிகையும் விழும்படி படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடவேண்டும். இதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும், புறா வேண்டாம். வாவியை 1807 வாக்கில் வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், கண்ணுசாமி என்ற பெயரில் வளர்ந்த கடைசி மன்னன், கரையோரம் இந்த முகில் மதிலையும் கட்டத் தொடங்கினான். முடிப்பதற்குள் 1815இல் வெள்ளைக்காரன் பிடித்து வேலூருக்கு அனுப்பிவிட்டான். மதில் இன்றைக்கும் அரைகுறைதான். அரைகுறை மதில்மேல் அரைகுறையாக வாசித்த புத்தகம் நிற்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. வாவிக்கருகே டீ.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகம் இருக்கிறது. அங்கத்துவப் படிவம் ஒன்று நம்மாளின் பைக்குள் மடித்தபடி இருக்கிறது. நிரப்புவார்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம்: நூல் வெளியீட்டு விழா.

நம்மாளை அங்கே இழுத்து வந்தது ஸ்டேட்டஸ் படம்தான். “வாசிக்கிற பிள்ளை போல இருக்கு” என்று கண்ட ஒரு பழைய ஆசிரியர் அழைப்பிதழை வட்ஸ்அப்பில் தட்டிவிட்டார். மூன்றரை மணிக்கு என்று போட்டிருந்தது. நம்மாள் லீசிங் கம்பனி ஒழுங்குப்படி மூன்று இருபத்தைந்துக்கே போய்விட்டார். மண்டபத்தில் ஒலிபெருக்கிக்காரரும் அவரும் மட்டும். நாலே முக்காலுக்கு மங்கல விளக்கு. பிறகு வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை, வெளியீட்டுரை. முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பிரமுகர் உறையோடு வந்து வாங்கினார், படம் எடுத்தவுடன் போய்விட்டார். சிறப்புப் பிரதி வாங்குவதற்குப் பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். கூப்பிடப்பட்டவர்கள் எல்லோரும் எழுத்தாளர்கள். அவர்களுடைய புத்தகங்களையும் இப்படித்தான் இந்த நூலாசிரியர் போய் வாங்கியிருப்பார், கடன் தீர்க்கிறார்கள். நயவுரைகாரர் புத்தகத்தை ஆரம்பிப்பதற்கு முன் சங்க காலத்தை ஆரம்பித்தார். ஏற்புரை வரும்போது சபையில் மிஞ்சியவர்கள் நூலாசிரியரின் குடும்பமும், மழை விடட்டும் என்று இருந்தவர்களும்.

மழை விட்டபிறகு வாசலில் பிளேன்டீ. பழைய ஆசிரியர் பக்கத்தில் வந்தார்.

“தம்பி, இப்ப என்னா வாசிக்கிறீங்க?”

“முரகாமி, சேர்.”

“எந்த ஊர்க்காரர்?”

“ஜப்பான், சேர்.”

“நல்லது. நம்ம கண்டிப் பக்கத்து ஆள்கள் எழுதினது ஏதும்?”

நம்மாள் கள்ளமில்லாமல் கேட்டார்: “இருக்காங்களா, சேர்?”

இதைக் கேட்டு அந்தப் பெரியவர் கோபப்படவில்லை. பிளேன்டீயைத்தான் கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டிருந்தார்.

இருந்தார்கள், இருக்கிறார்கள். தமிழின் முதல் நாவல் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வந்தது. ஆறு வருஷம் கழித்து, 1885இல், ‘அசன்பே சரித்திரம்’ வந்தது. இலங்கைத் தமிழ் நாவலுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. எழுதியவர் கண்டியில் பிறந்த வழக்கறிஞர் சித்தி லெப்பை. அவர் பெயரில் டவுனில் ஒரு பாடசாலையே இருக்கிறது. அந்தப் பாடசாலைப் பிள்ளைகளின் தகப்பன்மாருக்கு நம்மாள் லீசிங் போட்டுக் கொடுத்திருக்கிறார். அருள்வாக்கி அப்துல் காதிர் புலவர் தெல்தோட்டைப் போப்பிட்டியவைச் சேர்ந்தவர், அதாவது நம்மாளின் சொந்த ஊர்க்காரர். தலாத்துஓயாவில் கே. கணேஷ் என்றொருவர் இருந்தார். முல்க் ராஜ் ஆனந்தின் நாவலை ‘தீண்டாதான்’ என்று 1947இலேயே தமிழாக்கினார், சீனத்து லூ சுன்னையும் ஹோ சி மின்னையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். முரகாமி வரைக்கும் போன நம்மாளுக்குச் சீனத்துக்கு வழி தலாத்துஓயாவில் இருந்தது தெரியாது. இத்தனைக்கும் அவருடைய பெரியம்மா மகளைக் கட்டிக்கொடுத்தது அங்கேதான், கல்யாண வீட்டில் மூன்று நாள் கிடந்திருக்கிறார். வைத்தியர் தி. ஞானசேகரன் 2000ஆம் ஆண்டில் ‘ஞானம்’ சஞ்சிகையைத் தொடங்கியதும் இதே கண்டியிலிருந்துதான். தெளிவத்தை ஜோசப்பின் பெயர் மட்டும் நம்மாளுக்குத் தெரியும். 2013இல் தமிழ்நாட்டில் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கொடுத்ததால், சென்னை யூடியூப்காரர் ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டது. பதுளைக்காரர் கண்டிக்கு வர சென்னை வழியாகச் சுற்றவேண்டியிருக்கிறது.

தெரியாதது நம்மாளின் குற்றம் என்று எழுதிவிட்டால் பெரியவர்கள் கைதட்டுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாடசாலையில் பதினொரு வருஷம் உட்கார்ந்தவரின் காதில் இந்தப் பெயர்களை யாரும் போடவில்லை. டவுனில் புத்தகக் கடைக்குள் போனால் முன்னால் நிற்பது கொப்பியும் கடந்தகால வினாத்தாளும், அதற்கப்பால் இந்தியப் புத்தகம். இங்கே ஒருவர் நூல் போட்டால் முந்நூறு பிரதி அல்லது ஐந்நூறு. விழாவில் நூறு போகும். மிச்சம் நூலாசிரியரின் கட்டிலுக்கடியில் பிளாஸ்டிக் நாடா கட்டியபடி கிடக்கும். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்து வாங்குகிற வாசகர் உலகத்தில் எங்கேயும் இல்லை.

அன்றைக்குப் பெரியவர் ஒன்று செய்தார். நம்மாளின் போனை வாங்கி, ‘நூலகம்’ தளத்தைத் தேடித் திறந்துகொடுத்தார். 2005இலிருந்து ஈழத்துப் புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணி இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். நம்மாள் ‘ஞானம்’ பழைய இதழ் ஒன்றை இறக்கிக்கொண்டார். மறுநாள் காலை பேராதனையில் பஸ் நின்றபோது அதை வாசித்தார். கெட்டம்பேயிலும் வாசித்தார். டவுனில் இறங்கும் இடம் தாண்டிப்போய், நடந்து வந்து, வேலைக்குப் பத்து நிமிடம் பிந்திவிட்டார். மனேஜர் காரணம் கேட்டார். “டிரெஃபிக், சேர்” என்றார்.

ஆகவே கண்டியில் புத்தகம் போடும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். கட்டிலுக்கடியில் இருக்கும் கட்டை அவிழுங்கள். பத்துப் பிரதியைக் குட்செட் பக்கம் ஒரு கடையில், லொத்தர் சீட்டுக்கும் மாலுபாணுக்கும் நடுவே, விலை தெரியும்படி வையுங்கள். விலை ஒரு கொத்துரொட்டியைத் தாண்டவேண்டாம். எழுதும்போது அத்தியாயத்தைக் கொஞ்சம் சின்னதாக எழுதுங்கள். விழாவில் வாழ்த்துரை ஒன்று போதும்.