மலையேறிய படகு

குன்னூரில் பழைய சாமான்மீது ஆசை வைத்தவர்கள் நேராக ரயிலிடம் போய்விடுவார்கள். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குன்னூருக்கு ஏறி, 1908இல் ஊட்டி வரைக்கும் போன ரயில். அதன் பழைய எக்ஸ் வகை எஞ்சின்கள் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்தவை. 2005இல் யுனெஸ்கோ பட்டமும் கட்டிவிட்டது. அது பெருமூச்சு விட்டால் படம் பிடிக்க வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார். மரப்படகைச் செப்பனிட உட்கார்ந்த எங்களைப் பார்க்கக் காட்டுமாடு மட்டும்தான் வருகிறது. வந்தாலும் சும்மா போவதில்லை, படகின் விலாவான வங்குக்கட்டைமேல் முதுகைச் சொறிந்துவிட்டுப் போகிறது.

எங்கள் சங்கத்துக்குப் பெயர் கிடையாது. பெயர் வைக்கப் போட்ட கூட்டத்திலேயே சங்கம் உடையப் பார்த்ததால் அதை அப்படியே விட்டுவிட்டோம். ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவர், லோகோ ஷெட்டில் பிட்டராக இருந்தவர், ஒரு பல் டாக்டர், இவர்களுக்கு டார்ச் பிடிக்க நான். இன்னொருவர், டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தில் வேலை பார்த்த சிலோன்காரர். சிறுவயதில், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ராமானுஜம் கப்பலில் வந்து இறங்கியவர். வழியெல்லாம் வாந்தி எடுத்ததுதான் ஞாபகம் என்கிறார். இருந்தாலும் எங்களில் கடல் கடந்தவர் அவர் ஒருவரே என்பதால் கேப்டன் பதவி போட்டியின்றி அவருக்குப் போனது.

படகு கிடைத்தது ஒரு தேயிலை ஃபேக்டரியில், இலை வாட்டும் மாடியில். டிரௌட் மீன் பிடிக்க ஏதோ ஒரு துரை வைத்திருந்த துடுப்புப் படகாம். எந்தத் துரை என்பதில் ஆளுக்கொரு கதை. பச்சை இலையின் ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே கட்டிய மாடி அது. அங்கே பல காலம் கிடந்த படகு என்ன ஆகும்? பலகைகள் சுருங்கி, இடைவெளி வழியாக எதிரே நிற்பவரின் சட்டை நிறம் தெரிந்தது. டீமேக்கர் பலகையைத் தடவி, முகர்ந்து, "நல்லா வாடியிருக்கு, இனி உருட்டலாம்" என்றார்.

மலையில் படகு என்பது புதுப் பைத்தியம் அல்ல. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1823இல் ஊட்டி ஏரியை வெட்ட ஆரம்பித்தார். அன்றைய ஏரி இன்றைய பஸ் ஸ்டாண்டையும் குதிரைப் பந்தயம் நடந்த மைதானத்தையும் சேர்த்துக் கிடந்தது. ஏரி அதை இன்னும் மறக்கவில்லை என்பது மழைக்காலத்தில் பஸ் ஸ்டாண்டில் நின்றால் தெரியும். ஆனால் படகு விஷயத்தில் கொடைக்கானல் நம்மை முந்திவிட்டது என்பதை வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் அங்கே ஏரியைக் கட்டி, முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். அது எப்படி மலையேறியது, யார் தோளில் ஏறியது என்று நினைத்தாலே எனக்கு இடுப்பு வலிக்கிறது. 1890இல் அவர்களுக்குப் படகுச் சங்கமே வந்துவிட்டது. பெயரோடு.

நாங்களும் தூத்துக்குடியைத்தான் நம்பினோம். தோணித்துறையில் வேலை பார்த்த ஆசாரி ஒருவர் குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டருமாக வந்து சேர்ந்தார். படகைச் சுற்றி வந்து, "அண்ணாச்சி, வாய் கொஞ்சம் பொளந்துருக்கு, அம்புட்டுத்தான். அடிப்பலகை ரெண்ட மாத்தணும். மரம் என்ன இருக்கு?" என்றார்.

மரமா இல்லை இந்த மலையில்! கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸைக் காட்டினோம். காயும்போது முறுக்கிக்கொள்ளும் என்றார். சில்வர் ஓக்கைக் காட்டினோம். தண்ணீரில் உளுத்துப் போகும் என்றார். சீகை என்கிற வாட்டில் மரத்தைக் காட்டினோம். அதை அடுப்புக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். மூன்றும் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்த மரங்கள், படகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகும் மரம் மலைக்கு அந்தப்புறம் இருக்கிறது. கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக இறங்கினால் நிலம்பூர். கப்பல் கட்டவென்று வெட்டி வெட்டிக் காடு மொட்டையாகிக்கொண்டிருந்த 1840களில், மலபார் கலெக்டர் கானலி அங்கே தேக்குத் தோட்டம் போட்டார். நட்டு வளர்த்த வேலை சாத்து மேனோனுடையது. அன்று வெட்டிய தேக்கு சாலியாற்றில் மிதந்து பேப்பூர் போனது. அங்கே கப்பலாகி, கலாசிகள் என்ற துறைமுகத் தொழிலாளர்கள் இழுத்துவிடக் கடலேறியது. அந்த ஆற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து? அதில் ஒரு பங்கு நம் கூடலூர், சேரம்பாடி மழை. தண்ணீர் நாம் கொடுத்தோம், கப்பல் அவர்கள் விட்டார்கள். நதிநீர்ப் பிரச்சினை என்றால் எல்லாருக்கும் காவிரிதான் ஞாபகம் வருகிறது.

எங்களுக்குக் கட்டுப்படியானது மேட்டுப்பாளையத்துப் பழைய மரக்கடைத் தேக்கு, இடித்த வீட்டு வாசல் நிலை. இழைத்த பிறகும் ஓரத்தில் மஞ்சள் கறை போகவில்லை. ஒரு வீட்டுத் தலைவாசல் எங்கள் படகின் அடியில் போயிற்று. வலதுகாலை எடுத்து வைத்துத்தான் ஏற வேண்டும் என்று பிட்டர் விதி போட்டுவிட்டார்.

கலப்பத்து வேலையில் பல் டாக்டர் ஜொலித்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே முறுக்கிய பருத்தித் திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூச வேண்டும். ஆசாரி ஒரு தடவைதான் காட்டினார். அப்புறம் டாக்டரிடமிருந்து உளியை வாங்க முடியவில்லை. ஒவ்வொரு சந்தையும் சுரண்டிச் சுத்தம் செய்து, "வலிக்குதா?" என்று கேட்காத குறை.

வார்னிஷ் கதை வேறு. எங்கள் ஜூலையில் துவைத்த பனியனே காயாது. அப்போது பூசிய வார்னிஷ் காயலாமா என்று செப்டம்பரில்தான் யோசிக்க ஆரம்பித்தது. அதற்குள் ஊரிலுள்ள விட்டில் பூச்சியெல்லாம் அதில் நிரந்தரக் குடியுரிமை பெற்றுவிட்டன. மலையில் படகு எதற்கு என்று கேட்ட வீட்டம்மாக்களுக்கு மட்டும் நல்ல பதில் கைவசம் இருந்தது: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது.

எங்கே மிதக்க விடுவது? ஊட்டி ஏரியும் பைக்காராவும் சுற்றுலாக் கழகத்தின் படகுகளுக்கு. எமரால்டும் அவலாஞ்சியும் மின்வாரிய அணைகள். கடைசியில் ஒரு எஸ்டேட் குட்டைதான் மனமிரங்கியது.

இறக்கியதும் ஆசாரி போனில் சொன்னபடி படகை முக்கிவிட்டோம். வாடிய மரம் தண்ணீர் குடித்து ஊதினால்தான் சந்து அடைபடும். சில நாள் அடியில் கிடக்க வேண்டும். இதைக் கொழுந்து பறிக்க வந்த பெண்களுக்கு விளக்க முயன்றோம். கரையில் ஐந்து கிழவர்கள், தண்ணீருக்கடியில் பளபளவென்று ஒரு படகு. ஒரு அம்மா கேட்டார், "முக்குறதுக்காங்க சாமி இவ்வளவு பாலீஷு?"

தண்ணீரை இறைத்ததும் படகு மிதந்தது. கொஞ்சம் கசிந்தது, ஆனாலும் மிதந்தது. அப்போதுதான் எங்களில் யாருக்கும் நீச்சல் தெரியாதென்பது சபைக்கு வந்தது. உடனே அனைவருக்கும் மரியாதை பொங்கியது. "மூத்தவர், நீங்க முதல்ல." "டாக்டர் இருக்கும்போது நான் எப்படி?" பிட்டர் பிரேக் எங்கே என்று கேட்டார்.

கேப்டன் செருப்பைக் கழற்றி, வலதுகாலை வைத்து ஏறி உட்கார்ந்துகொண்டார். எங்களைத் திரும்பிப் பார்த்து, "தலைமன்னார்லயும் இப்படித்தான்," என்றார். "வழியனுப்ப வந்த கூட்டம் பெரிய கூட்டம். ஏறச் சொன்னா ஒருத்தரும் ஏறல்ல."