பாலின்றிப் பயணிப்போர்

பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் சிறுகுடலில் உடைக்கும் லாக்டேஸ் என்னும் நொதி, உலகில் வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுவதால், விதிவிலக்கு என்னும் பட்டம் பாலைத் தடையின்றிச் செரிக்கும் சிறுபான்மையினருக்கே பொருந்தும். ஆயினும் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில், குறிப்பாக விக்கிரவாண்டியை ஒட்டிப் பேருந்துகள் நிற்கும் நெடுஞ்சாலை உணவகங்கள், இந்தப் பெரும்பான்மையை அங்கீகரித்ததாகத் தெரியவில்லை. அங்கே பாலில்லாத தேநீர் கேட்பவர் துக்க வீட்டிலிருந்து வந்தவராகக் கருதப்பட்டு, "லேசா ஊத்தித் தரேன் சார்" என்ற சமரசத்துக்கு உள்ளாகிறார். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதிக்கப்பட்டு வாயுவாக மாறுவதற்கு அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகலாம் என்பதும், அதற்குள் நடத்துநர் விசில் ஊதிவிடுவார் என்பதும் மருத்துவ நூல்கள் சேர்த்து விளக்காத செய்தி. 100 மில்லி பசும்பாலில் சுமார் 5 கிராமாக உள்ள லாக்டோஸ், பால்கோவாவில் சுண்டிச் செறிகிறது; தயிரில் ஒரு பகுதியைப் பாக்டீரியாக்களே தின்றுவிடுகின்றன; நெய்யில் அநேகமாக இல்லை. பால்கோவாவை மறுத்த கையோடு பயணி வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் நிரப்புப் பொருளாகச் சேர்க்கப்படுவதும், தொல்லை தராத சிற்றளவிலேயானாலும், லாக்டோஸ்தான்.