பீரும் டாபும்

கேள்வி: கொல்கத்தா வெயிலுக்கு பீர் குடித்தால் உடம்பில் நீர்ச்சத்து ஏறும் என்கிறானே என் அறை நண்பன், நிஜமா சார்?
– வாசகர், லேக் மார்க்கெட்

பதில்: பீரில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், நண்பன் அதுவரை சரி. ஆனால், ‘தண்ணீரைப் பிடித்து வை’ என்று சிறுநீரகத்துக்கு உத்தரவு போடும் வாசோபிரஸின் ஹார்மோனின் வாயை ஆல்கஹால் அடைத்துவிடும். அப்புறம் ராத்திரி முழுக்க கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடைதான். காலையில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், தலை விண்விண்ணென்று தெறிக்கும். ஃபில்டர் காபியில் தெளியலாம் என்று மார்க்கெட் பக்கத்து நம்மூர் ஓட்டலுக்கு ஓடாதீர்கள். 5 சதவீத பீர் ஒரு 650 மில்லி பாட்டில் என்றால் கல்லீரலுக்கு 3, 4 மணி நேர வேலை. காபி அதை விரட்டாது. தாகமென்றால் ராஷ்பிஹாரி அவென்யூ ஓரம் ஒரு டாப், அதாவது நம்ம இளநீர், சீவச் சொல்லுங்கள். நண்பனுக்கும் ஒன்று, காசு மட்டும் அவனே கொடுக்கட்டும்!